ஏற்காட்டு ஏற்றத்தில் வழுக்கிய கிளட்ச்: சிந்தெடிக் ஆயில் மேல் விழுந்த பழி

2023 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏழாவது வளைவு தாண்டும்வரை வண்டியில் ஒரு குறையும் இல்லை. எட்டாவதில் இரண்டாம் கியருக்கு இறக்கி ஆக்சிலேட்டரை முறுக்கினேன். ஆர்பிஎம் முள் சரசரவென்று ஏறியது, இன்ஜின் கத்தியது, வண்டி மட்டும் நடந்து போகிறவர் வேகத்தில் ஊர்ந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி, "என்னங்க, நியூட்ரல்ல போட்டுட்டீங்களா?" என்றாள்.

நியூட்ரலில் இல்லை. கிளட்ச் வழுக்கியது, அதாவது இன்ஜினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கடத்தும் பிளேட்டுகள் பிடிக்காமல் நழுவின. ஒன்பதாவது வளைவில் ஓரம் கட்டியபோது கருகிய வாடை மூக்கில் ஏறியது. அரை மணி நேரம் ஆறவிட்டு, மேலே போகும் ஆசையை விட்டுவிட்டு, வந்த வழியே இறங்கினோம்.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம். 150 சிசி, காற்றில் ஆறும் இன்ஜின், கார்புரேட்டர். அன்றைக்கு ஓடியிருந்தது 41,300 கி.மீ. வண்டியோடு வந்த கையேடு கேட்பது 20டபிள்யூ-50 (முதல் எண் குளிரில், இரண்டாவது சூட்டில் ஆயிலின் தடிமனைக் குறிக்கும்), ஜாசோ என்ற ஜப்பானிய வாகனத் தர அமைப்பின் எம்ஏ தர ஆயில். வாங்கிய நாளிலிருந்து, கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுக்கும் சாதா மினரல் ஆயில்தான், 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. அதில் ஒரே ஒரு தடவை தவறினேன். ஏப்ரல் நடுவில் ஆயில் மாற்ற உட்கார்ந்தபோது மச்சான் வந்திருந்தான். அவன் காருக்கு 4 லிட்டர் டப்பா வாங்கி 2.8 லிட்டர் ஊற்றியது போக மீதி காரிலேயே கிடந்தது. "மாமா, ஃபுல்லி சிந்தெடிக். இத வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? உங்க வண்டிக்கு ஊத்துங்க, பறக்கும்" என்றான். ஓசி ஆயில், அதுவும் விலை கூடினது. ஊற்றினேன்.

பறக்கத்தான் செய்தது, முதல் வாரம். கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது, காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் வரும் கடமுட சத்தம் குறைந்தது. மச்சானுக்கு போன் போட்டு நன்றி வேறு சொன்னேன். சரியாக 700 கி.மீ. கழித்து ஏற்காட்டு மலையில் நின்றேன்.

ஊர் சொன்ன தீர்ப்பு

திங்கட்கிழமை டீக்கடையில் விஷயத்தைச் சொன்னதும் மூன்று பேர் ஒரே குரலில் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள்: சிந்தெடிக் ஊத்தினால் கிளட்ச் போய்விடும். வழக்கமாக வேலை பார்க்கும் மெக்கானிக் அண்ணன் இன்னும் ஒரு படி மேலே போனார். "பழைய வண்டிக்கு சிந்தெடிக் ஒத்துக்காது சார். வழவழன்னு இருக்கும். பிளேட்டு பிடிக்குமா?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்று இடித்தது. கடைகளில் பைக்குக்கென்றே ஃபுல்லி சிந்தெடிக் விற்கிறார்கள். சில வண்டிகளின் கையேடே அதைத்தான் கேட்கிறது. வழவழப்புதான் குற்றம் என்றால் அந்த வண்டிகள் எல்லாம் எப்படி மலை ஏறுகின்றன? அதனால் நானே பிரித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். சந்தேகப் பட்டியலில் ஐந்து பேர்: கேபிள், ஸ்பிரிங், தேய்ந்த பிளேட், ஆயிலின் தடிமன், ஆயிலுக்குள் கலந்திருக்கும் ஏதோ ஒன்று. 'சிந்தெடிக்' என்ற சொல்லை இப்போதைக்குப் பட்டியலில் சேர்க்கவில்லை.

கேபிள் இரண்டு நிமிட வேலை. கிளட்ச் கைப்பிடியின் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை சும்மா ஆட வேண்டும் என்பது பெரும்பாலான வண்டிகளின் கணக்கு. என்னுடையது 15 ஆடியது. கேபிள் தப்பித்தது. ஆயில் அளவும் இரண்டு கோட்டுக்கும் நடுவே சரியாக இருந்தது.

அப்புறம் சமதளத்தில் ஒரு சோதனை. ஓமலூர் ரோட்டில் ஐந்தாம் கியரில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டே ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்தேன். நல்ல கிளட்ச் என்றால் வண்டி முக்கி முனகி, முள்ளும் வேகமும் சேர்ந்து மெதுவாக ஏறும். என் வண்டியில் முள் மட்டும் தனியாக ஓடியது. வழுக்கல் உறுதி.

டப்பாவைப் படித்தது

மச்சான் விட்டுப்போன டப்பாவில் இன்னும் 200 மில்லி போல மிச்சம் இருந்தது. ஊற்றுவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலையை அப்போதுதான் செய்தேன்: பின்பக்கம் திருப்பிப் படித்தேன். 5டபிள்யூ-30. அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பான ஏபிஐ-யின் முத்திரை வட்டத்துக்குள் எஸ்என் என்ற தரக் குறி. அந்த வட்டத்தின் கீழ்ப்பாதியில் 'ரிசோர்ஸ் கன்சர்விங்' என்று இரண்டு சொற்கள். ஜாசோ என்ற சொல் டப்பாவில் எங்கும் இல்லை.

அந்த இரண்டு சொற்களில்தான் விஷயம் இருக்கிறது. கார் ஆயிலில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க உராய்வைக் குறைக்கும் அடிட்டிவ்களைக் கலப்பார்கள். மாலிப்டினம் சேர்ந்த சில பொருள்கள் அதில் பிரபலம். இவை உலோகத்தின் மேல் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டு ஒன்றின் மேல் ஒன்றை வழுக்க விடும். காருக்கு இது வரம். கிளட்ச் தனியாக, உலர்ந்து, ஆயில் படாமல் இருக்கிறது. பெரும்பாலான பைக்குகளில் கதை வேறு. இன்ஜினுக்கும் கியருக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில். கிளட்ச் அந்த ஆயிலில் குளித்துக்கொண்டேதான் பிடிக்க வேண்டும். உராய்வுப் பிளேட்டும் இரும்புப் பிளேட்டும் மாறி மாறி அடுக்கி, ஸ்பிரிங் வைத்து நெருக்கியிருப்பார்கள். அங்கே போய் 'வழுக்கு' என்று சொல்லும் மருந்தை ஊற்றினால் அது சொன்னதைச் செய்கிறது, அவ்வளவுதான்.

இது நான் கண்டுபிடித்த புதுமை ஒன்றும் இல்லை. 1990களில் கார் ஆயில்கள் பெட்ரோல் சிக்கனத்தை நோக்கிப் போக ஆரம்பித்தபோது ஜப்பானிய பைக் கம்பெனிகளுக்கு வந்த தலைவலியே இதுதான். அதற்காகவே 1998-இல் ஜாசோ டி 903 என்ற தரத்தைக் கொண்டுவந்தார்கள். ஆயிலை ஒரு கிளட்ச் சோதனை எந்திரத்தில் போட்டு, ஓடும்போது எவ்வளவு பிடிக்கிறது, பிடித்தபின் நிற்கிறதா, எவ்வளவு நேரத்தில் நிறுத்துகிறது என்று மூன்றையும் அளப்பார்கள். நன்றாகப் பிடிப்பது எம்ஏ, வழுக்குவது எம்பி. பிறகு 2006-இல் எம்ஏவையே எம்ஏ1, எம்ஏ2 என்று இரண்டாகப் பிரித்தார்கள். எம்ஏ2தான் அதிகப் பிடிப்பு. இந்தச் சோதனையில் எங்கேயும் 'சிந்தெடிக்கா, மினரலா' என்ற கேள்வி கிடையாது.

எம்பி ஆயில் ஸ்கூட்டருக்கு. அங்கே கிளட்ச் ஆயிலில் நனைவதில்லை. வீட்டில் ஒரு ஸ்கூட்டரும் ஒரு பைக்கும் வைத்திருப்பவர்கள் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். கார் ஆயிலை பைக்கில் ஊற்றுகிறவர்கள் நூற்றில் ஒருவர் என்றால், மனைவி ஸ்கூட்டருக்கு வாங்கியதில் மீந்ததைப் பைக்கில் ஊற்றுகிறவர்கள் அதைவிட நிறையப் பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். டப்பா இரண்டும் ஒரே நிறத்தில், பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருக்கும்.

தடிமன் தனிக் குற்றம். 100 டிகிரி சூட்டில் 50 என்று முடியும் ஆயிலின் பாகுநிலை, அதாவது தடிமன், 16.3 சென்டிஸ்டோக்ஸிலிருந்து (அதை அளக்கும் அலகு) 21.9-க்குள் இருக்க வேண்டும். 30 என்று முடிவது 9.3-இலிருந்து 12.5-க்குள். ஆக, கொதிக்கும் இன்ஜினுக்குள் அது கேட்ட கனத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் நான் ஊற்றியிருக்கிறேன். 30 என்பதே கெட்ட எண் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஸ்பிளெண்டருக்குக் கையேட்டில் இருப்பதே 10டபிள்யூ-30தான், அது அந்த இன்ஜினின் இடைவெளிகளுக்கு ஏற்ற கனம். என் இன்ஜின் 50 கேட்டது, நான் 30 கொடுத்தேன். முதல் வாரம் வண்டி 'பறந்த' ரகசியமும் ஓரளவு இதுதான்: மெல்லிய ஆயிலைக் கலக்க இன்ஜினுக்குக் கொஞ்சம் குறைந்த சக்தி போதும்.

பிரித்தபோது

நேரடியாகக் கிளட்சைப் பிரிக்கவில்லை. முதலில் அந்த ஆயிலை இறக்கி, மினரல் 20டபிள்யூ-50 ஊற்றி 200 கி.மீ. ஓட்டி, அதையும் இறக்கிவிட்டுப் புதிதாக ஊற்றினேன். நிறைய வண்டிகளுக்கு இந்த அலசலே போதும். பிளேட்டில் ஊறியது மெல்லக் கழுவிப் போய்விடும். எனக்குப் பாதிதான் சரியானது. நான்காம் கியர் வரை பிடித்தது, ஐந்தில் முழுக்க முறுக்கினால் இன்னும் லேசாக நழுவியது.

பிறகுதான் மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். வலப்பக்க மூடியைக் கழற்றி பிளேட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய செய்தித்தாள் மேல் வரிசையாக வைத்தார். உராய்வுப் பிளேட்டுகளின் கனம் சர்வீஸ் எல்லைக்கு மேலேதான் இருந்தது. அதாவது தேய்ந்து போகவில்லை. ஆனால் மேற்பரப்பு மங்கலாக இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி மாதிரி பளபளத்தது. விரல் நகத்தால் சுரண்டினால் நகம் வழுக்கிக்கொண்டு ஓடியது. இரும்புப் பிளேட்டுகளில் இரண்டில் நீலம் பாரித்த திட்டுகள். சூடு அப்படி ஏறியிருக்கிறது. ஸ்பிரிங்குகளின் நீளம் நான்கும் சமமாக, அளவுக்குள் இருந்தன.

இதிலிருந்து நான் படித்துக்கொண்ட வரிசை இது. அடிட்டிவ் பிடிப்பைக் குறைத்தது. தினமும் வீட்டுக்கும் ஆபீசுக்கும் போகும் தட்டை ரோட்டில் அது தெரியவில்லை. மலையில், இரண்டு பேர் பாரத்தோடு, வழுக்கல் ஆரம்பித்தது. வழுக்கியதால் சூடு, சூட்டால் மேற்பரப்பு கருகிப் பளபளப்பு, பளபளப்பால் மேலும் வழுக்கல். கடைசியில் ஆயிலை மாற்றியும் தீராத அளவுக்குப் பிளேட்டே கெட்டது. எட்டாவது வளைவிலேயே நிறுத்தியிருந்தால் பிளேட் பிழைத்திருக்கும் என்று அண்ணன் சொன்னார். ஒன்பது வரை ஓட்டியது என் வீம்பு.

புது உராய்வுப் பிளேட்டுகளை ஒரு ராத்திரி நல்ல ஆயிலில் ஊறப்போட்டு மாட்டினோம். உலர்ந்ததை அப்படியே மாட்டினால் தொடக்கத்திலேயே கருகக்கூடும். நீலம் பாரித்த இரும்புப் பிளேட்டுகளையும் மாற்றினோம்.

சிந்தெடிக்குக்கு இரண்டாவது வாய்ப்பு

இத்தோடு விட்டிருந்தால் டீக்கடைத் தீர்ப்பே நிலைத்திருக்கும். மினரலுக்குத் திரும்பினேன், சரியானது. ஆகவே சிந்தெடிக்தான் குற்றவாளி. ஆனால் நான் ஒரே நேரத்தில் மூன்று விஷயங்களை மாற்றியிருக்கிறேன்: தடிமன், அடிட்டிவ், சிந்தெடிக். எது செய்தது என்று எப்படிச் சொல்வது?

அதனால் புது பிளேட்டில் 3,000 கி.மீ. மினரல் ஓட்டி முடித்ததும், பைக்குக்கென்றே வரும் ஃபுல்லி சிந்தெடிக் ஒரு லிட்டர் வாங்கினேன். 15டபிள்யூ-50, பின்னால் சின்னக் கட்டத்துக்குள் எம்ஏ2. சூட்டில் கையேடு கேட்ட அதே 50. அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "பட்டும் புத்தி வரல பாருங்க சார் உங்களுக்கு." ஊற்றி 800 கி.மீ. கழித்து, அதே மனைவி, அதே மலை. இந்த முறை 20 வளைவும் ஏறினோம். ஒரு இடத்தில்கூட முள் தனியாக ஓடவில்லை. இறங்கி வந்து ஓமலூர் ரோட்டுச் சோதனையையும் செய்தேன். பிடித்தது.

ஒரு வண்டி, ஒரு மலை. ஆய்வுக்கூடச் சோதனை அல்ல என்பது தெரியும். ஆனாலும் என் கிளட்சைப் பொறுத்தவரை சிந்தெடிக் நிரபராதி.

'சிந்தெடிக்' என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதே ஒரு வேடிக்கை. ஏபிஐ அமைப்பு அடிப்படை எண்ணெய்களை ஐந்து பிரிவாக வைத்திருக்கிறது. முதல் இரண்டும் கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பவை. அவற்றைத்தான் மினரல் என்கிறோம். நான்காவது பிஏஓ (பாலிஆல்ஃபா ஓலிஃபின்), ஆலையில் மூலக்கூறு மூலக்கூறாகக் கட்டுவது. ஐந்தாவதில் எஸ்டர் முதலான மற்றவை. நடுவில் நிற்கும் மூன்றாவதுதான் வில்லங்கம். அதுவும் கச்சா எண்ணெயிலிருந்து வருவதுதான், ஆனால் கடும் அழுத்தத்தில் ஹைட்ரஜனோடு சேர்த்து உடைத்து மாற்றியது. இதை சிந்தெடிக் என்று விற்கலாமா என்று அமெரிக்காவில் மொபில் கம்பெனி காஸ்ட்ரால் மேல் புகார் கொடுத்தது. 1999-இல் அங்குள்ள விளம்பரத் தகராறுகளைப் பார்க்கும் அமைப்பு காஸ்ட்ரால் பக்கம் தீர்ப்பு சொன்னது. அதிலிருந்து மூன்றாம் பிரிவு எண்ணெயையும் சிந்தெடிக் என்று தாராளமாக அழைக்கிறார்கள். 'செமி சிந்தெடிக்' இன்னும் மோசம். எத்தனை சதவீதம் என்று டப்பா சொல்வதில்லை. முன்பக்கத்தில் பெரிதாக அச்சடித்திருப்பது விளம்பரம், பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பது தகவல்.

அப்படியானால் கூடுதல் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? முக்கியமாகச் சூட்டைத் தாங்கும் திறன். ஆயில் சூடேறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அது கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பழைய கணக்கு. காற்றில் ஆறும் இன்ஜின் சிக்னலில் நிற்கும்போது ஆறக் காற்றே இல்லை. நல்ல சிந்தெடிக் அங்கே மெதுவாகக் கெடும், குறைவாக ஆவியாகும். இன்னொன்று: மினரலை 20டபிள்யூ-50 ஆக்க நிறைய பாலிமர் கலக்க வேண்டும். பைக்கில் கியர் பற்களும் அதே ஆயிலில் ஓடுவதால் அந்த பாலிமர் இழைகள் நசுங்கி அறுந்து ஆயில் நாளடைவில் இளைத்துப்போகும். 2,500 கி.மீ. தாண்டியதும் கியர் முரண்டு பிடிக்க ஆரம்பிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நல்ல சிந்தெடிக்கில் இந்தப் பாலிமர் குறைவாகவே போதும்.

டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண்ணுக்காகக் காசு கொடுக்காதீர்கள். 20டபிள்யூ என்பதைச் சோதிப்பதே மைனஸ் 15 டிகிரியில், 5டபிள்யூவை மைனஸ் 30-இல். சேலத்தில் மார்கழிப் பனியில்கூட நமக்கு அது ஒரு பொருட்டில்லை.

காசுக் கணக்கு

மினரல் லிட்டர் 420 ரூபாய்க்கு வாங்கினேன். 3,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர். கிலோமீட்டருக்கு 14 காசு. சிந்தெடிக் 900 ரூபாய், 5,000 கி.மீ. ஓட்டினேன். ஆனால் 3,500-இல் பார்த்தபோது அளவு கீழ்க்கோட்டுக்கு இறங்கியிருந்தது. கூடுதலாக 200 மில்லி, அதாவது 180 ரூபாய் ஆயில், ஊற்றினேன். மொத்தம் 1,080, கிலோமீட்டருக்கு 21.6 காசு. வருடத்துக்கு நான் ஓட்டுவது 5,000 கி.மீ. வித்தியாசம் 380 ரூபாய். இந்த 380 ரூபாய்க்குத்தான் ஊரில் இத்தனை சண்டை.

அந்த 200 மில்லிதான் என்னை யோசிக்க வைத்தது. ஒரு லிட்டரே பிடிக்கும் இன்ஜினில் 200 மில்லி என்றால் ஐந்தில் ஒரு பங்கு. 'சிந்தெடிக்தானே, 6,000 வரை தாங்கும்' என்று டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) தொடாமல் ஓட்டுகிறவர் கடைசி ஆயிரம் கிலோமீட்டரை முக்கால் லிட்டருக்கும் குறைவான ஆயிலில் ஓட்டுகிறார். ஆயில் தாங்கலாம், அளவு தாங்காது. அதோடு பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலப்பதை எந்த சிந்தெடிக்கும் தடுக்காது. என்னைப் போல காலையில் 4 கி.மீ., மாலையில் 4 கி.மீ. ஓட்டும் வண்டிக்கு இன்ஜின் முழுக்கச் சூடேறி அந்த ஈரம் ஆவியாகும் முன்னாலேயே ஆபீஸ் வந்துவிடும். அப்படிப்பட்ட ஆயிலை அடிக்கடி இறக்குவதுதான் வைத்தியம். பேப்பர் ஃபில்டரே இல்லாத 100 சிசி வண்டிகளுக்கு இது இன்னும் பொருந்தும். அவற்றில் ஒரு வலையும் சுழலும் கிண்ணமும் மட்டுமே அழுக்கைப் பிடிக்கின்றன.

அதனால் நான் மினரல் 20டபிள்யூ-50 எம்ஏ2-க்கே திரும்பிவிட்டேன், 3,000-க்கு ஒருமுறை. என் அக்கா மகன் கதை வேறு. அதே ரக வண்டியில் நாள் முழுக்க உணவு டெலிவரி. சேலம் ஐந்து ரோட்டுச் சந்திப்பின் நெரிசலில் வெயிலில் நின்று நின்று ஓடும், மாதம் 3,000 கி.மீ. தாண்டும். அவனை சிந்தெடிக் 15டபிள்யூ-50-க்கு மாற்றச் சொன்னேன், ஞாயிறுதோறும் டிப்ஸ்டிக் பார்க்க வேண்டும் என்ற கண்டிஷனோடு. தண்ணீரில் ஆறும், 9,000 ஆர்பிஎம் சுற்றும் வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தேர்வே இல்லை. கையேடு சிந்தெடிக் என்று சொன்னால் சிந்தெடிக்தான். அதில் மிச்சம் பிடிப்பது முட்டாள்தனம். பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டுக்கு இந்தக் கட்டுரையில் பாதி பொருந்தாது; அதில் இன்ஜின், கிளட்ச், கியர் மூன்றுக்கும் தனித்தனி அறை.

எந்த ஆயில் வாங்கினாலும் சீல் உடைக்காத டப்பாவாக வாங்கி, ஊற்றி முடித்ததும் காலி டப்பாவில் ஒரு ஆணி அடித்து ஓட்டை போட்டுவிட்டு வாருங்கள். ஓட்டை போடாத காலி டப்பா பழைய சாமான் கடைக்குப் போனால், வேறு எதையோ நிரப்பிக்கொண்டு திரும்ப அலமாரிக்கு வரும்.

மச்சானின் டப்பாவில் மிஞ்சிய 200 மில்லி எங்கள் வீட்டு இரும்பு கேட்டின் கீலுக்குப் போனது. கேட்டுக்கு அந்த ஆயில் அருமை. இப்போது சத்தமே இல்லை.